நம்ம வீட்டுத் தலையெழுத்தை மாற்றிய தலைவர் யார்?

சிரியம் முத்து:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் பேச்சுப்போட்டி. தலைப்பு "நம் வாழ்வை மாற்றிய தலைவர்". பெயர்ப் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. பாதிப் பேர் பர்மா விடுதலைக்குப் போராடிய ஆங் சான். மீதிப் பேர் காந்தி, நேதாஜி, காமராஜர், அப்துல் கலாம். பேச்சுகளையும் வாங்கிப் பார்த்தேன். பிறந்த தேதி, இறந்த தேதி, நடுவில் நிறைய "தியாகம்". பர்மாவில் பிறந்து வளர்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை, இந்தத் தலைவரால் எங்கள் வீட்டில் இன்னது மாறியது என்று ஒரு வரி சொல்லவில்லை.

நல்லவர் யார், கெட்டவர் யார் என்ற பட்டிமன்றம் வேண்டாம். யார் செய்த காரியம் இன்னும் நம் வீட்டுக்குள் இருக்கிறது? பெரியவர்கள் சொல்லுங்கள்.

பழைய இரங்கூன்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? ராணுவத் தளபதி நே வின்தான். பிடிக்கிறதோ இல்லையோ, அவர்தான்.

1962 மார்ச் 2ஆம் தேதி ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் இரங்கூன் கடைகள் அரசுக்குப் போயின. அதே வருடம் மே 17ஆம் தேதி ஐம்பது சாட், நூறு சாட் (பர்மியப் பணம்) நோட்டு செல்லாது என்று அறிவிப்பு. 1965இல் தனியார் பள்ளிகள்.

அப்பா மொகல் தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். காலையில் கடை திறக்கப் போனால் வாசலில் சிப்பாய். சாவியை வாங்கிக்கொண்டு, அலமாரி அலமாரியாகச் சரக்கை எண்ணி எழுதச் சொன்னார்கள். கைலி இத்தனை, மல் துணி இத்தனை கஜம் என்று அப்பாவே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சாமி படத்துக்கு முன்னால் இருந்த பித்தளை விளக்கும் அந்தப் பட்டியலில் ஏறியது. அப்புறம் எண் போட்ட "மக்கள் கடை" பலகை வந்தது. அதே கடையில் அவரையே சம்பளத்துக்கு உட்கார வைத்தார்கள். விற்கத்தான் சரக்கு வரவில்லை.

அடுத்த சில வருடங்களில் மூன்று லட்சம் பேர்வரை கப்பல் ஏறினார்கள். என் சித்தப்பா, அத்தை, அடுத்த வீட்டு ராவுத்தர் குடும்பம், எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார், எல்லோரும் போனார்கள். நான் இன்று தப்பும் தவறுமாகத் தமிழ் எழுதுவதற்குக்கூட அந்த மனுஷன்தான் காரணம்.

மோல்மீன் மைந்தன்:

ஐயா, உங்கள் அப்பா பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளம் வந்து வீட்டை அடித்துக்கொண்டு போனால், வெள்ளத்துக்கா மேடை போடுவோம்? பிள்ளைகள் நே வின்னைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசி யாருக்கு என்ன லாபம்?

என் ஓட்டு நேதாஜிக்கு. 1944 ஜனவரியில் ஆசாத் ஹிந்த் என்ற தன் சுதந்திர இந்திய அரசின் தலைமையகத்தை இரங்கூனுக்குக் கொண்டுவந்தார், ஏப்ரலில் இங்கேயே வங்கி திறந்தார். பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள், எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பெரிதாகப் படுவது கடைசியில் நடந்தது.

1942இல் வெள்ளைக்காரன் இரங்கூனை விட்டுப் போனபோது நம் ஆட்களைக் கேட்க நாதியில்லை. அரக்கான் வழி, தம்மு வழி என்று லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு நடந்தே போனார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1945 ஏப்ரலில் ஜப்பான்காரன் ஓடியபோதும் அதே கதி வந்திருக்கும். நேதாஜி 24ஆம் தேதி கிளம்பும்போது மேஜர் ஜெனரல் லோகநாதனைப் பொறுப்பில் வைத்து, ஆயிரக்கணக்கான ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) வீரர்களை ஊரிலேயே நிறுத்திவிட்டுப் போனார். பிரிட்டிஷ் படை வந்து சேரும்வரை கொள்ளையும் கொலையும் நடக்காமல் இந்தியர் தெருக்களைக் காக்க வேண்டும், அதுதான் அவர்களுக்கு வேலை. காத்தார்கள். அப்புறம் சரணடைந்து சிறைக்குப் போனார்கள். லோகநாதன் நம்ம தமிழர். இங்கே எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும்?

பழைய இரங்கூன்:

லோகநாதனுக்கு நானும் கும்பிடு போடுகிறேன். ஆனால் நேதாஜி இரங்கூனில் இருந்தது ஒன்றே கால் வருடம். அந்த வங்கியில் போட்ட பணமும் போன சங்கிலியும் திரும்பவில்லை, அதையும் பிள்ளைகளிடம் சொல். உயிர் பிழைத்தோம், சரி. பிழைத்தவன் இன்று எந்த நிறக் குடியுரிமை அட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறான்? அதை நேதாஜி தீர்மானிக்கவில்லை.

வியாசர்பாடி பர்மாக்காரி:

1965இல் கப்பலில் வந்த குடும்பம் எங்களுடையது. ஆயா நே வின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, "அந்தப் பாவி"தான். ஆனால் வியாசர்பாடி வீட்டுக் கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ராணுவ மேல்கோட்டோடு ஆங் சான் படம் இருக்கும். வருகிறவர்கள் "யார் இது, உங்கள் மாமாவா?" என்று கேட்பார்கள். "அவர் இருந்திருந்தால் நாங்கள் ஏன் இங்கே வருகிறோம்" என்பார் ஆயா. உண்மையா என்று தெரியாது, ஆனால் சாகும்வரை அதை நம்பினார்.

பெட்டியடிப் பையன்:

ஆயாக்கள் எல்லோரும் நம்பிய கதை அது. எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கள் பாட்டையா பியாப்போன் பக்கம் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை எடுபிடியாகச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாக ஊர் திரும்பியவர். அதனால் உள்வீட்டு விஷயமாகவே சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். 1930இல் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய சம்சாரியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கையிலிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு, 1937 வாக்கில் 25 பங்கு. நிலத்துக்கு ஆசைப்பட்டு யாரும் வாங்கவில்லை, பாட்டையா சொன்னபடி அவர்களுக்கு ரொக்கம்தான் வேண்டும். ஆனால் வரப்பில் நின்று பார்க்கிற பர்மியனுக்கு இந்த விளக்கம் எதற்கு?

அதே 1930 மே மாதம் இரங்கூன் துறைமுகத்தில் கலவரம், டிசம்பரில் தராவடியில் சாயா சான் நடத்திய விவசாயிகள் கிளர்ச்சி. அவரை 1931 நவம்பரில் தூக்கில் போட்டார்கள். அவருக்காக வாதாடிய பா மோதான் 1937இல் பிரதமர். ஆங் சான், பின்னால் பிரதமரான ஊ நு எல்லோரும் அந்தச் சூட்டில் வளர்ந்த பிள்ளைகள். நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது நே வின்னா? இல்லை, 1948இல் நம்ம ஊ நு. சிரித்த முகம், புத்த பக்தர், யாருக்கும் அவர்மேல் கோபம் வராது. ஆங் சான் இருந்திருந்தாலும் அந்தச் சட்டம் வந்திருக்கும்.

மோல்மீன் மைந்தன்:

செட்டியார் நிலத்தையும் மொகல் தெருத் துணிக்கடையையும் ஒன்றாகக் கட்டாதீர்கள் அண்ணே. என் பாட்டன் நாற்று நட வந்தவர். அவர் பெயரில் நிலம் எங்கே இருந்தது, எடுக்க?

பெட்டியடிப் பையன்:

அதைத்தான் சொல்ல வருகிறேன். ஊ நு நிலத்தை எடுத்தபோது அடி செட்டியாருக்கு. நே வின் கடையை எடுத்தபோது சைக்கிள் பழுது பார்க்கிறவன்வரை எல்லோருக்கும் அடி. ஒருவர் வட்டிக்கடைக்காரனைப் பார்த்தார், மற்றவர் இந்தியனைப் பார்த்தார். இன்னொன்று, நோட்டு செல்லாமல் போனதில் பர்மியர்களும்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். 1987இல் 25, 35, 75 சாட் நோட்டுகளை ஒழித்து, 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் நோட்டு அடித்தார். அந்தக் கோபம் அடங்காமல்தான் 1988 மக்கள் கிளர்ச்சி வந்தது.

மட்டுறுத்துநர்:

1988க்குப் பிந்தைய அரசியலை இந்த இழையில் இழுக்க வேண்டாம். காரணம் எல்லோருக்கும் தெரியும். நன்றி.

தட்டோன் செல்வி:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பழைய இரங்கூன் ஐயா அட்டை நிறம் என்று சொன்னதால் எழுதுகிறேன். நான் வக்கீல் ஒருவரிடம் எழுத்தராக இருக்கிறேன், பழைய தாள்களைப் புரட்டுவதுதான் பிழைப்பு.

1947 அரசியல் சாசனத்தில் 11ஆம் பிரிவு. அதன் நாலாவது உட்பிரிவைப் பிள்ளைகள் யாராவது படித்திருக்கிறார்களா? பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட இடத்தில் பிறந்த ஒருவர், விடுதலைக்கு முந்தைய பத்து வருடத்தில் எட்டு வருடம் பர்மாவில் இருந்திருந்தால், இங்கேயே தங்கும் எண்ணம் இருந்தால், குறித்த கெடுவுக்குள் மனுப் போட்டுக் குடிமகன் ஆகலாம். போரில் ஓடிப்போனவர்கள் என்ன செய்வார்கள் என்று அதையும் யோசித்திருக்கிறார்கள். 1942 ஜனவரி 1க்கு முந்தைய பத்து வருடத்தையும் கணக்கில் காட்டலாம். இராமநாதபுரத்தில் பிறந்து தட்டோனில் வயல் வேலை செய்தவனுக்கும் இது பொருந்தும். மதம் கேட்கவில்லை, இனம் கேட்கவில்லை.

அந்தச் சாசனம் 1947 செப்டம்பர் 24இல் நிறைவேறியது. ஆங் சான் ஜூலை 19ஆம் தேதியே போய்விட்டார், வயது 32. ஆனால் மே மாதம் ஜூபிலி ஹாலில் கட்சி மாநாட்டைக் கூட்டி வரைவுக்கு அடித்தளம் போட்டது அவர்தான். மலைநாட்டு இனங்களோடு அவர் ஒப்பந்தம் போட்ட பாங்லோங்கில் நமக்கு நாற்காலி போடவில்லை, அது உண்மை. இந்தப் பிரிவில் ஒரு வாசல் விட்டிருந்தார்கள், அதுவும் உண்மை.

எங்கள் வீட்டுக் கதை இது. கொள்ளுத்தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே களத்தில் நெல் அடித்தவர்கள். பெரியவர் மனுப் போட்டார். சின்னவர் போடவில்லை. பெரியவர் வாரிசுகளான எங்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை. சின்னவர் வீட்டுக்கு எஃப்.ஆர்.சி., அதாவது வெளிநாட்டவர் பதிவுப் புத்தகம். வருடாவருடம் கட்டணம், ஊர்விட்டு ஊர் போக அனுமதி, பிள்ளை பிறந்தால் பதிவு. 1982 அக்டோபரில் புதுக் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏற்கெனவே குடிமக்களாக இருந்தவர்களை அது தொடவில்லை. மற்றவர்களுக்கு இணைக் குடிமகன் என்று நீல அட்டை, குடியுரிமை வழங்கப்பட்டவர் என்று பச்சை அட்டை. சட்டம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நே வின் பேசிய பேச்சு அச்சில் இருக்கிறது, வெளியிலிருந்து வந்த ஆட்களை முழுக்க நம்பிவிட முடியாது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். சின்னவர் பேரன் பல வருடம் அலைந்து பச்சை அட்டை வாங்கினார். பொங்கலுக்கு இரண்டு குடும்பமும் ஒரே பானையில்தான் வைக்கிறோம். பிள்ளைகளின் படிப்பு, வேலை என்று பேச்சு வந்தால் மட்டும் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

என் கணக்கில் ஆங் சானும் நே வின்னும் எங்கள் வீட்டில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வாசலைத் திறந்து வைத்தார், இன்னொருவர் பூட்டினார். யார் உள்ளே, யார் வெளியே என்பதை முடிவு செய்தது நடுவில் இருந்த அந்த ஒரு தாள்.

பெகு பாய்:

செல்வி அம்மா நல்ல இடத்தைத் தொட்டாய். மதம் கேட்கவில்லை என்றாயே, அங்கே ஒருவரை மறந்துவிட்டோம். இவ்வளவு நீளமான இழையில் ஊ ரசாக் பெயர் இல்லை.

1947 ஜூலை 19 காலை பத்தரை மணி சுமாருக்குத் தலைமைச் செயலகத்தில் சுட்டார்களே, அதில் ஆங் சானோடு செத்தவர்களில் அப்துல் ரசாக்கும் ஒருவர். கல்வி, திட்ட அமைச்சர். 1898இல் மெய்க்திலாவில் பிறந்தவர். அப்பா இந்திய முஸ்லிம், போலீஸ் உத்தியோகம், அம்மா பர்மியப் பௌத்தர். 1920இல் மாணவர்கள் பல்கலைக்கழகத்தைப் புறக்கணித்தபோது ஊர் ஊராகத் தேசியப் பள்ளிகள் எழும்பின அல்லவா? மாண்டலே தேசியப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்து அதைத் தூக்கி நிறுத்தியவர் இவர். முஸ்லிமாக இருந்துகொண்டு பௌத்த நூல்களின் மொழியான பாலி படித்தார். பர்மா முஸ்லிம் காங்கிரசுக்குத் தலைவராகி, நமக்குத் தனிப் பங்கு வேண்டாம், எல்லோரோடும் சேர்ந்தே நிற்போம் என்றார். அது சரியா தவறா என்று எங்கள் பள்ளிவாசல் திண்ணையில் இன்றும் சண்டை நடக்கும், நான் அதற்குள் போகவில்லை.

அவருடைய மெய்க்காப்பாளன் கோ ட்வே, பதினெட்டு வயசுப் பையன், அவனையும் அன்று சுட்டார்கள். வியாழனோ வெள்ளியோ, ஜூலை 19 வந்தால் தியாகிகள் நினைவிடத்துக்குப் போகிற பிள்ளைகளிடம் அந்த ஒன்பது பேரில் நம்ம ரத்தம் ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள். பேச்சுப்போட்டியில் ஒரு பிள்ளையாவது ரசாக்கைப் பற்றிப் பேசினால் பரிசுப் பணம் நான் தருகிறேன்.

மோல்மீன் மைந்தன்:

பாய், நீங்கள் பரிசு அறிவித்தால் எல்லாப் பிள்ளையும் ரசாக்குக்கு மாறிவிடும். 🙂

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே: தலைவர்களை மாற்றி மாற்றி நாடு கடத்திய கூத்தையும் யாராவது பேசலாம். டில்லி பாதுஷா பகதூர் ஷா ஜஃபரை இரங்கூனில் வைத்துச் சாகவிட்டான் வெள்ளைக்காரன், 1862. பர்மா ராஜா தீபோவை 1885இல் பிடித்து முதலில் கொண்டுபோய் வைத்தது நம்ம மதராசில். அப்புறம்தான் இரத்தினகிரி. ஜஃபர் தர்காவுக்கு இங்கே இன்றும் கூட்டம் வருகிறது. தீபோ மதராசில் எங்கே இருந்தார் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் முழிப்பார்கள்.

பெட்டியடிப் பையன்:

வெளியே போவதென்றால் நானும் ஒன்று. 1954 டிசம்பரில் ஊ நு காலத்தில் இரங்கூனில் உலகப் பௌத்தர் மாநாடு. பெரியாரும் அம்பேத்கரும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள், இங்கே சந்தித்துப் பேசினார்கள். இரண்டு வருடம் கழித்து அம்பேத்கர் பௌத்தத்தில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் இதைப் பெரிதாகப் பேசுவார்கள், நாம் நம்ம ஊரில் நடந்ததென்று பேசவே மாட்டோம்.

செல்வி, உங்களிடம் ஒரு கேள்வி. சின்னவர் ஏன் மனுப் போடவில்லை? வாசல் திறந்திருந்தது என்கிறீர்கள். நுழையாதவர் மேல் தப்பில்லையா? முப்பது வருடத்துக்கு மேல் கழித்துப் பூட்டியவனை மட்டும் திட்டுகிறோம்.

தட்டோன் செல்வி:

அண்ணே, இதை எங்கள் வீட்டில் எழுபது வருடமாகக் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நின்று பாருங்கள். 1948 ஜனவரியில் விடுதலை, மார்ச் முடிவதற்குள் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய்விட்டார்கள். 1949 ஜனவரி கடைசியில் கரேன் இனக் கிளர்ச்சிப் படை இன்செயினைப் பிடித்துக்கொண்டது, இரங்கூனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். ஊ நு அரசு இரங்கூனைத் தாண்டி இல்லை என்று உலகமே கேலி செய்தது. தட்டோனிலோ எந்த நாளில் யார் கையில் ஊர் என்றே சொல்ல முடியாது. இந்தப் பக்கம் இந்தியாவும் விடுதலையாகிவிட்டது. ஊரில் அம்மா உயிரோடு, அரை ஏக்கர் புஞ்சை, கல்யாணம் ஆகாத தங்கச்சி. எந்த நாட்டுக்குக் கையெழுத்துப் போடுவது? சின்னவர் இரண்டு அறுவடை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். அதற்குள் கெடு முடிந்துவிட்டது.

பெரியவர் மட்டும் என்ன தீர்க்கதரிசியா? அவர் மனைவி பர்மியப் பெண். அவருக்குத் திரும்பிப்போக ஊரே இல்லை, அதனால் போட்டார்.

பழைய இரங்கூன்:

இதற்குப் பதில் இல்லை அம்மா. என் அப்பா எந்தக் கணக்கில் போட்டாரோ, போட்டுவிட்டார். துணிக்கடை போயும் நாங்கள் இங்கேயே நின்றதற்கு அதுதான் காரணம். சித்தப்பா போடவில்லை, அதனால் கப்பல்.

ஆனால் வாசலை ஆங் சான் திறந்தார் என்று நீ சொல்வதை முழுக்க ஏற்கவில்லை. சாசனம் எழுதியது நூறு பேர். செத்தவர் பெயரில் நல்லதையெல்லாம் எழுதிவிடுகிறோம். அவர் ஐந்து வருடம் பிரதமராக இருந்திருந்தால், ஒரு பஞ்சமும் ஒரு கலகமும் பார்த்திருந்தால், அப்போது தெரிந்திருக்கும்.

வியாசர்பாடி பர்மாக்காரி:

ஆயா காதில் விழுந்திருந்தால் உங்களுக்கு சோறு கிடையாது ஐயா.

சிரியம் முத்து:

பேச்சுப்போட்டி விதியை மாற்றிவிட்டேன். பிறந்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் மதிப்பெண் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பெரியவர் ஒருவரிடம் இரண்டு கேள்வி கேட்டு வரவேண்டும்: 1949இல் நம் வீட்டில் மனுப் போட்டார்களா, 1964இல் எங்கே இருந்தார்கள். தலைவர் யார் என்பதை அந்தப் பதிலிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். நே வின் வந்தாலும் தடையில்லை.

பெகு பாய், ரசாக் பரிசு உறுதிதானே? செல்வி அக்கா, 11ஆம் பிரிவைப் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா? பர்மியப் படியும் கூடவே இருந்தால் நல்லது. வகுப்பில் பாதிப் பேருக்கு அதுதான் சரளமாக வரும்.

தட்டோன் செல்வி:

ஞாயிறுக்குள் அனுப்புகிறேன் தம்பி. ஒன்று மட்டும். அட்டை நிறத்தை எந்தப் பிள்ளையும் மேடையில் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவை.

பெகு பாய்:

பரிசு உறுதி. நடுவர் நாற்காலியும் ஒன்று போட்டுவை, நானே வருகிறேன்.